கால்வாயில் ஒரு வாரம்: முதன்முறை நேரோபோட் எடுப்போருக்கு

இங்கிலாந்தின் கால்வாய்களில் நண்பர்களோடு நேரோபோட் என்ற ஒடுங்கிய நீளப் படகில் போகலாம் என்று முடிவெடுத்தவர்கள் முதலில் வரைபடத்தை விரிக்கிறார்கள். இங்கே ஏறி, அங்கே திரும்பி, இன்னொரு கால்வாய் வழியாகச் சுற்றி வந்துவிடலாம் என்று விரலால் கோடு இழுக்கிறார்கள். விரல் போன தூரம் காரில் மூன்று மணி நேரம். படகில் பத்து நாள். ஆகவே வரைபடத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு கணக்கிலிருந்து தொடங்குவோம்.

போகவேண்டிய மைல்களையும் வழியிலுள்ள லாக்குகளையும் கூட்டி மூன்றால் வகுங்கள். கிடைப்பதுதான் பயணத்துக்கு வேண்டிய மணி நேரம். லாக் என்பது இரு முனையிலும் கதவுள்ள ஒரு நீர்த்தொட்டி. படகை உள்ளே விட்டு, நீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகிறார்கள். ஒன்றைக் கடக்க ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகும். வேக வரம்பு மணிக்கு 4 மைல். ஆனால் கரையோரம் கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போதெல்லாம் வேகத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டியிருப்பதால், மணிக்கு மூன்று மைல் போனாலே நன்றாகப் போகிறோம் என்று பொருள்.

பலரும் ஆசைப்படும் ‘ஃபோர் கவுன்டிஸ் ரிங்’ என்ற சுற்றுப்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள்: 110 மைல், 94 லாக்குகள். கூட்டி வகுத்தால் 68 மணி நேரம். ஒரு வார வாடகையில் முதல் நாள் மாலைதான் படகு கைக்கு வரும். கடைசி நாள் காலையில் திருப்பித் தர வேண்டும். இடையிலிருக்கும் நாட்களில் தினமும் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால்தான் சுற்றி முடியும். அனுபவசாலிகள் அதை விரும்பிச் செய்கிறார்கள். முதன்முறை போகிறவர்களுக்கு அது விடுமுறையே அல்ல. நாளுக்கு நாலைந்து மணி நேரம், அதாவது வாரத்துக்கு இருபத்தைந்திலிருந்து இருபத்தெட்டு மணி நேரம் என்று திட்டமிடுங்கள். சுற்றுப்பாதை வேண்டாம், ஒரே கால்வாயில் போய், வந்த வழியே திரும்புங்கள். பார்த்த இடத்தையே மறுபடி பார்ப்பதா என்று யாராவது கேட்பார்கள். போகும்போது சுக்கானைப் பிடித்திருந்தவர் அந்த இடத்தைப் பார்த்திருக்கவே மாட்டார் என்பதுதான் பதில். தவிர, மழையிலோ சோம்பலிலோ ஒரு நாள் போய்விட்டால், நினைத்த இடத்துக்கு முன்பே திரும்பிக்கொள்ளலாம். சுற்றுப்பாதையில் பாதி கடந்த பிறகு அந்த வசதி கிடையாது.

யாரோடு, எந்தப் படகில்

நேரோபோட்டின் அகலம் ஏழு அடிக்குச் சற்றுக் குறைவு. நீளம் எழுபது அடிக்கு மேலும் போகும். இந்த விசித்திர அளவுக்குக் காரணம் லாக்குகள்தான். 1760களில் ஜேம்ஸ் பிரின்ட்லி என்ற பொறியாளர் செலவையும் நீரையும் மிச்சப்படுத்த மத்திய இங்கிலாந்தின் லாக்குகளை ஏழு அடி அகலத்தில் அமைத்தார். அன்று முதல் படகுகளும் அந்த அளவுக்குள் அடங்கின. நிலக்கரியும் மண்பாண்டங்களும் போன அதே ஒடுக்கத்தில்தான் இன்று நீங்கள் தூங்கி எழ வேண்டும். உள்ளே ஒருவர் நடந்து வந்தால் எதிரில் வருபவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

எனவே ‘ஆறு பேர் படுக்கலாம்’ என்று விளம்பரம் சொன்னால் நான்கு பேர் போங்கள். மீதி இரண்டு படுக்கைகள் பெரும்பாலும் சாப்பாட்டு மேசையைத் தினமும் இரவில் பிரித்துப் போட்டுக் காலையில் மடக்க வேண்டியவை. லாக் வேலைக்கும் நால்வர் சரியான எண்ணிக்கை: ஒருவர் சுக்கானில், இருவர் லாக்கில், ஒருவர் தேநீர் போட. இரண்டு பேர் மட்டும் போகலாம், ஆனால் உழைப்பு கூடும். முழங்கால் வலி உள்ளவரைத் தயங்காமல் அழையுங்கள். சுக்கான் பிடிக்கக் கால் வலு தேவையில்லை. அதிகாலையில் எழுந்து கிளம்பத் துடிப்பவரையும் பதினொரு மணிக்குக் கண் விழிப்பவரையும் ஒரே படகில் ஏற்றுவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். எஞ்சினின் சத்தம் படகு முழுவதும் கேட்கும்.

படகின் பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று கட்டாயம் கேளுங்கள். ‘ட்ரெடிஷனல்’ வகையில் சுக்கான் பிடிப்பவர் மட்டுமே வசதியாக நிற்க முடியும். ‘க்ரூசர்’ வகையில் பின்னால் திறந்த தளம் இருக்கும். நான்கைந்து பேர் சேர்ந்து நின்று பேசிக்கொண்டு போகலாம். நண்பர் கூட்டத்துக்கு இரண்டாவதுதான். இதைக் கேட்காமல் பதிவு செய்துவிட்டு, வாரம் முழுவதும் ஒருவர் பின்னால் தனியாகவும் மற்றவர்கள் அறுபது அடிக்கு முன்னாலுமாகப் போகிறவர்கள் உண்டு.

கழிப்பறை எந்த வகை என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். பம்ப் அவுட் வகையில் பெரிய தொட்டி இருக்கும். சிறிய குழுவுக்கு வாரம் முழுவதும் தாங்கும், நிறைந்தால் படகுத்துறையில் கட்டணம் கட்டி உறிஞ்ச வைக்கலாம். கேசட் வகையில் பெட்டியைச் சில நாட்களுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, அதற்கென்று உள்ள இடத்தில் நீங்களே கொட்டிக் கழுவ வேண்டும். பணம் மிச்சம். ஆனால் அந்த வேலை யாருடையது என்ற கேள்வியில் பழைய நட்புகள் சோதிக்கப்படும்.

வாடகைக்கு எடுப்பவர்களுக்கு ஓட்டுநர் உரிமம் எதுவும் தேவையில்லை. ஏறும் முன் நிறுவனமே கற்றுத்தரும். கோடை உச்சத்தில் ஒரு வாரத்துக்கு ஆயிரம் பவுண்டுக்குக் கணிசமாக மேலே ஆகும். டீசல் சேர்ந்ததா, முன்பணம் எவ்வளவு, சேதம் ஏற்பட்டால் யார் பொறுப்பு என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்போது, எங்கே

ஜூன் மாதம். பள்ளி விடுமுறை ஜூலை பிற்பகுதியில்தான் தொடங்குகிறது. அதன் பிறகு வாடகையும் ஏறும், லாக்குகளில் வரிசையும் நீளும். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். வாத்துக் குஞ்சுகள் தாயின் பின்னால் அணிவகுக்கும் காலமும் அதுதான்.

கோடையில் ஒரு சிக்கல் உண்டு: தண்ணீர். ஒரு குறுகிய லாக்கை ஒருமுறை நிரப்பிக் காலி செய்தால் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் நீர் கீழே இறங்கிவிடுகிறது. மேட்டுப்பகுதிக்கு நீர் தரும் ஏரிகள் வற்றினால் லாக்குகளைப் பூட்டிவிடுவார்கள். 2025 கோடையில் வறட்சியால் லீட்ஸ்–லிவர்பூல் கால்வாயின் பெரும்பகுதி மூடப்பட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,000 மைல் நீர்வழிகளைப் பராமரிக்கும் கெனால் அண்டு ரிவர் டிரஸ்ட் தன் இணையதளத்தில் இத்தகைய அறிவிப்புகளை வெளியிடுகிறது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பும், முந்தைய நாளும் பாருங்கள்.

லாக்கே வேண்டாம் என்பவர்களுக்கு ஆஷ்பி கால்வாய் இருக்கிறது. இருபது மைலுக்கு மேல் ஒரு லாக்கும் இல்லாமல் வயல்களுக்கு நடுவே போகும். மூன்றாம் ரிச்சர்ட் மன்னர் 1485இல் மாண்ட பாஸ்வொர்த் போர்க்களம் அதன் வழியிலேயே வருகிறது. சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். மிகப் புகழ்பெற்றது லாங்கோலென் கால்வாய். இங்கிலாந்தில் தொடங்கி வேல்ஸுக்குள் நுழைந்து, 1805இல் திறக்கப்பட்ட பொன்ட்கசுல்தே நீர்ப்பாலத்தின் மேல் 38 மீட்டர் உயரத்தில் போகிறது. படகின் ஒரு பக்கம் நடைபாதை; மறுபக்கம் கைப்பிடிகூட இல்லாமல் பள்ளத்தாக்கு. அற்புதமான இடம்தான். ஆனால் ஆகஸ்டில் அங்கே அற்புதத்தைவிடப் படகுகள் அதிகம்.

முதல் பயணத்துக்கு என் தேர்வு ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயின் தென்பகுதி. லாக்குகள் குறுகியவை. கிராண்ட் யூனியன் கால்வாயில் இருப்பதுபோன்ற பதினான்கு அடி அகல லாக்குகளின் கனமான கதவுகளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. வார்விக்ஷயரின் நாப்டன் கிராமத்தருகே ஏறி, பான்பரி வரை போய்த் திரும்பினால் ஒரு வாரத்துக்கு அளவாக இருக்கும். போக ஏறத்தாழ இருபது மைல், இருபது லாக். நம் கணக்குப்படி பதின்மூன்று, பதினான்கு மணி நேரம், வர அவ்வளவே.

எதை எடுத்துப்போவது

பெட்டி வேண்டாம், மடக்கி வைக்கக்கூடிய துணிப்பை. பெரிய பெட்டியைப் படகுக்குள் வைக்க இடமே இருக்காது. வழுக்காத ரப்பர் அடி காலணி, மழைக்கோட்டு, கயிறும் இரும்பும் பிடிக்கக் கையுறை, டார்ச், தொப்பி. ஜூலையிலும் இரவுக்கு ஸ்வெட்டர் தேவைப்படும்.

சமையலுக்கு எரிவாயு அடுப்பு உண்டு. பிரஷர் குக்கர் தாராளமாக எடுத்துவாருங்கள். மிக்சியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். படகின் மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவது. மிக்சி, டோஸ்டர், தலைமுடி உலர்த்தி போன்றவை அதை நொடியில் இறக்கிவிடும். அரைக்க வேண்டியதை எல்லாம் அரைத்துப் பொடியாகவும் விழுதாகவும் கொண்டுவருவது நல்லது. குளிர்பெட்டி சிறியது. சைவர்கள் கரையோர மதுக்கடைச் சாப்பாட்டை மட்டும் நம்பி வரக்கூடாது. நல்ல உணவு கிடைக்கும் கடைகள் உண்டு, ஆனால் கிராமங்களில் சமையலறையை ஒன்பது மணிக்குள் மூடிவிடுவார்கள். நீங்கள் படகைக் கட்டிவிட்டுப் போய்ச் சேரும்போது சிப்ஸ் பொட்டலம்தான் மிஞ்சியிருக்கும். குழாய்நீர் நிரப்பும் இடங்கள் வழியெங்கும் உண்டு, கடைகள் அப்படியல்ல. இரண்டு மூன்று நாளுக்கான காய்கறியும் அரிசியும் ஏறும்போதே இருக்கட்டும்.

ஏறும் நாள்

பிற்பகல் மூன்று, நான்கு மணிக்குப் படகை ஒப்படைப்பார்கள். பொறுமையாக ஒரு மணி நேரம் கேளுங்கள். யாராவது ஒருவர் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளட்டும். அன்று புரிந்ததுபோல் இருப்பது மறுநாள் காலை எஞ்சின் மூடியைத் திறக்கும்போது புரியாது. தண்ணீர்த் தொட்டியின் மூடி எது, எரிவாயு அடைப்பான் எங்கே, கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா, மிதவைச் சட்டைகள் எத்தனை, பழுது என்றால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்பவற்றைப் பார்த்துவிடுங்கள். லாக்கைத் திறக்கும் எல் வடிவ இரும்புக் கைப்பிடியான விண்ட்லாஸ் குறைந்தது இரண்டு கேட்டு வாங்குங்கள். ஒன்று நீரில் விழும். முடிந்தால் முதல் லாக்கை நிறுவன ஊழியரோடு கடந்துவிடுங்கள். அன்று ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும். வாடகைப் படகை இருட்டில் ஓட்ட அனுமதி இல்லை.

சுக்கான்

எல்லோரையும் குழப்புவது இது: சுக்கான்பிடியை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அதற்கு எதிர்ப்பக்கம் படகின் முன்முனை திரும்பும். இடப்பக்கம் போக வலப்பக்கம் தள்ள வேண்டும். பத்து நிமிடம் தடுமாறுவீர்கள், பிறகு கை பழகிவிடும். பழகாமல் நெடுநேரம் தொல்லை தருவது வேறொன்று: தள்ளியவுடன் எதுவும் நடக்காது. சில நொடிகள் கழித்தே படகு அசையும். நடக்கவில்லையே என்று புதியவர் இன்னும் தள்ளுவார். பிறகு படகு தேவைக்கு மேல் திரும்பிவிடும். அதைச் சரிசெய்ய மறுபக்கம் அளவுக்கு மீறித் தள்ளுவார். கால்வாய் முழுதும் பாம்புபோல் நெளிந்து போகும் படகைப் பார்த்தால் வாடகைப் படகின் முதல் நாள் என்று கரையில் நிற்பவர்களுக்குத் தெரிந்துவிடும். மருந்து ஒன்றுதான்: கொஞ்சம் தள்ளுங்கள், காத்திருங்கள்.

படகு ஏறத்தாழ தன் நடுப்புள்ளியைச் சுற்றித்தான் திரும்புகிறது. முன்முனை இடப்பக்கம் போனால் பின்முனை வலப்பக்கம் வீசும். கரையிலிருந்து கிளம்பும்போது முன்முனையை மட்டும் நடுக்கால்வாய்க்குத் திருப்பினால் பின்முனை கரையோரச் சேற்றில் புதையும். ஆகவே பின்முனையை முதலில் தள்ளி நீருக்குக் கொண்டுவாருங்கள். பிரேக் கிடையாது. நிறுத்த ரிவர்ஸ் போட வேண்டும். ரிவர்ஸில் சுக்கான் அநேகமாகச் சொல்பேச்சுக் கேட்காது.

நீர் ஆழமாக இருப்பது நடுவில்தான். எதிரில் படகு வராதவரை நடுவிலேயே போங்கள். வந்தால் வலப்பக்கம் ஒதுங்குங்கள். இங்கிலாந்துச் சாலையின் இடதுபக்கப் பழக்கத்தைக் கரையிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். ஒதுங்குவதற்கும் அளவு உண்டு. பயந்துபோய் ஓரம் வரை ஒதுங்குபவர்கள் தரைதட்டுகிறார்கள். வளைவுகளில் உட்பக்கம் வண்டல் சேர்ந்து ஆழம் குறைந்திருக்கும், வெளிவளைவே பாதுகாப்பு. எதிர்ப்பக்கம் தெரியாத பாலத்துக்கு முன் ஹார்ன் அடியுங்கள். கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது எஞ்சினை ஏறக்குறைய உறுமாத நிலைக்குக் கொண்டுவாருங்கள். வேகமாகப் போனால் நீர் இழுத்து, அவர்கள் படகைக் கட்டியிருக்கும் முளைகளைப் பிடுங்கிவிடும். உள்ளே கொதிக்கும் பாத்திரம் கவிழும். கால்வாயில் யாரும் யாரையும் திட்டுவதில்லை, இந்த ஒரு குற்றத்துக்குத் தவிர.

லாக்

வாரத்தின் ஆபத்தும் உழைப்பும் வேடிக்கையும் பெரும்பாலும் இங்கேதான். அவசரப்படாதவர்களுக்கு இது கடினமே அல்ல. பார்க்க ஆட்கள் கூடுவார்கள், நாய்கள் வரும், யாராவது ஆலோசனை சொல்வார்கள். லாக்கில் பேச்சு நிற்கட்டும். நீரைத் திறப்பவர் சுக்கான் பிடிப்பவரின் முகத்தைப் பார்த்து, அவர் தலையசைத்த பிறகே திறக்க வேண்டும். இதை முதல் நாளே விதியாக்கிக்கொள்ளுங்கள்.

ஏறும்போது நடப்பது இது. லாக்குக்கு முன் கரையில் ஆட்களை இறக்கிவிடுங்கள். உள்ளே நீர் கீழ்மட்டத்தில் இருந்தால் கீழ்க்கதவைத் திறந்து படகை உள்ளே விடலாம். நிறைந்திருந்தால், எதிர்ப்பக்கம் படகு எதுவும் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அவர்கள் முதலில் இறங்கட்டும், ஒரு லட்சம் லிட்டர் மிச்சம். கதவு கையால் தள்ளித் திறப்பது: கரைமேல் நீண்டிருக்கும் பெரிய கட்டையில் முதுகைச் சாய்த்துக் கால்களால் மெல்ல உந்த வேண்டும். நீர் மட்டம் சமமாகாதவரை எத்தனை பேர் உந்தினாலும் அது அசையாது. சமமானதும் ஒருவருக்கே வழிவிடும். ஆகவே திணறினால் வலுவைக் கூட்டாதீர்கள், காத்திருங்கள்.

படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவைச் சாத்துங்கள். கீழ் மதகுகள் முழுதாக மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். இந்தச் சிறு மதகுகளைத்தான் அங்கே பேடில் என்பார்கள். பிறகு மேல்பக்கம் போய், விண்ட்லாஸைப் பற்சக்கரத் தண்டில் மாட்டி மேல் மதகைப் பாதி மட்டும் தூக்குங்கள். கரையிலுள்ள மதகு முதலில். கதவிலேயே உள்ள மதகு இருந்தால் அது பிறகு, முன்தளத்தில் நீர் கொட்டாத அளவுக்கு மட்டம் உயர்ந்ததும். நீர் வேகமாகப் பாய்ந்து படகை முன்னும் பின்னும் இழுக்கும். படகு நிலைப்பட்டதும் முழுதாகத் தூக்கலாம். பற்சக்கரத்தைப் பிடிக்கும் சிறு கொக்கி விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்ட்லாஸை உடனே கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டியபடி விட்டால், கொக்கி நழுவும்போது அந்த இரும்பு சுழன்று கையையோ தாடையையோ உடைக்கும். கால்வாய்க் காயங்களில் மோசமானவை சில இப்படி வருபவை. ஏறும்போது முன்முனை கதவின் எந்த விளிம்பிலும் மாட்டாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும்.

இறங்கும்போது பார்க்க வேண்டியது வேறு. மேல்கதவுக்குக் கீழே ஒரு கல்திட்டு லாக்குக்குள் நீண்டிருக்கும். நிறைந்த நீரில் அது தெரியாது. ‘சில்’ என்று பெயர். எதுவரை நீண்டிருக்கிறது என்று பக்கச் சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். படகின் பின்முனை, சுக்கானோடு சேர்த்து, அந்தக் கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். நீர் இறங்கும்போது பின்முனை திட்டின்மேல் உட்கார்ந்துவிட்டால் முன்முனை மட்டும் கீழே போகும். சில நிமிடங்களில் படகு மூழ்கிவிடும். சுக்கான் பிடிப்பவர் அந்த நேரத்தில் வேறெங்கும் பார்க்கக் கூடாது. இறங்கும்போது கயிற்றை எங்கும் முடிச்சிட்டுக் கட்டாதீர்கள், படகு அதில் தொங்கும். கரைக்கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் தளர்த்திக்கொண்டே வாருங்கள். எதுவாவது மாட்டினால் உடனே கத்துங்கள்: ‘மதகை மூடு!’ கீழ் மதகுகளை மூடிவிட்டு, மேல் மதகை மெல்லத் திறந்து நீரை மறுபடி ஏற்றினால் படகு விடுபடும்.

கதவுகளுக்கு இடையே தாண்டிக் குதிக்காதீர்கள். படகுக்கும் சுவருக்கும் நடுவே கையையோ காலையோ கொடுத்துத் தடுக்க முயலாதீர்கள். பதினைந்து டன்னுக்கு மேல் இருக்கும் இரும்பை யாராலும் கையால் நிறுத்த முடியாது. முட்டட்டும், அதற்குத்தான் இரும்பில் செய்திருக்கிறார்கள். வெளியேறிய பின் கதவையும் மதகையும் மூடிவிட்டுப் போங்கள்.

கட்டுவதும் இரவும்

இழுவைக் குதிரைகள் நடந்த பாதை ஒரு கரையில் இருக்கும். அந்தப் பக்கம், வேறு அறிவிப்பு இல்லாவிட்டால், எங்கும் இலவசமாகக் கட்டலாம். பொதுவிதி 14 நாள் வரை. ஊர்களுக்கு அருகே 24 அல்லது 48 மணி நேரம் என்று பலகை இருக்கும். லாக்குக்கு முன்னுள்ள இறங்குதுறை, குழாயடி, வளைவு, பாலத்தின் அருகு, படகு திருப்பும் அகன்ற இடம் ஆகியவற்றில் கட்டக் கூடாது. கரையில் இரும்புத் தடுப்பு இருந்தால் கொக்கி மாட்டினால் போதும். மண்கரை என்றால் இரும்பு முளையைச் சம்மட்டியால் அடித்து முன்னும் பின்னும் கட்ட வேண்டும். முளையின் தலையில் வெள்ளைத் துணியோ பிளாஸ்டிக் பையோ மாட்டிவையுங்கள். இருட்டில் நடப்பவர் தடுக்கி விழ மாட்டார். கோடையில் நல்ல இடங்கள் நான்கு மணிக்குள் நிறைந்துவிடும். மதியமே கட்டிவிடுபவர்களை நான் மெச்சுகிறேன்.

மற்ற படகுகளுக்கு அருகே இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை எஞ்சினை ஓட்டக் கூடாது. வெந்நீரும் பேட்டரியும் பகலில் எஞ்சின் ஓடுவதிலிருந்து கிடைப்பவை என்பதால், எங்கும் போகாத நாளிலும் சில மணி நேரம் ஓட்ட வேண்டியிருக்கும். குளிர்காய ஆசைப்பட்டு அடுப்பை எரியவிட்டுச் சன்னல்களை அடைக்காதீர்கள்.

காலையில் கிளம்பும் முன் எண்ணெய் மட்டம் பாருங்கள். நீருக்கடியில் படகைத் தள்ளும் சுழலியின் (புரொப்பெல்லர்) தண்டுக்குக் கிரீஸ் ஏற்றும் திருகைக் கை இறுகும்வரை திருப்புங்கள். சுழலியில் களை, துணி, பிளாஸ்டிக் கயிறு சுற்றிக்கொண்டால் படகு வலுவிழக்கும், புகை கூடும். பின்தளத்தில் ஒரு மூடியைத் திறந்து கைவிட்டு எடுக்கலாம். அதற்கு முன் எஞ்சினை நிறுத்திச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். மூடியைத் திரும்ப இறுக்கமாகப் பொருத்தாமல் கிளம்பினால் அதன் வழியாகவே நீர் புகுந்துவிடும்.

நாப்டனிலிருந்து பான்பரி

கிளம்பியவுடன் நாப்டன் லாக்குகள். ஒன்பதையும் ஏறி முடிக்கும்போது குழு தேறிவிடும். குன்றின் மேலிருக்கும் காற்றாலை ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு பக்கம் தெரியும். மேலே ஏறியதும் சுமார் பதினொரு மைலுக்கு ஒரு லாக்கும் கிடையாது. பிரின்ட்லி நிலத்தின் சமமட்டக் கோட்டை விட்டு விலகாமல் கால்வாயை இழுத்தார். மேடு வந்தால் வெட்டாமல் சுற்றினார். வட ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயை 1830களில் நேராக்கிவிட்டார்கள். தெற்கை விட்டுவிட்டார்கள். அதனால் வோர்ம்லேட்டன் கிராமத்தை மூன்று பக்கமும் சுற்றிப் போவீர்கள். போகிற இடம் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று ஒருவருக்கும் தெரியாது. இந்தப் பகுதியில் பாதி நாளைத் தாராளமாகச் செலவிடுங்கள். புதியவர்களுக்குச் சுக்கான் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல இடமில்லை. ஃபென்னி காம்ப்டனில் ‘டனல்’ என்ற ஒரு பகுதி வரும். கூரையை 19ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துவிட்டார்கள், பெயர் மட்டும் நிற்கிறது. குறுகலானது, எதிரே படகு வந்தால் நிதானம் தேவை.

கிளேடனில் ஐந்து லாக்குகள் இறங்கி, கிராப்ரெடி. 1644இல் உள்நாட்டுப் போரின் சண்டை ஒன்று இந்த ஊர்ப் பாலத்தை ஒட்டி நடந்தது. ஓர் இரவு தங்கத் தகுந்த ஊர். ஆகஸ்டில் இங்கே இசைவிழா நடக்கும். அந்த நாட்களில் படகு கட்ட இடம் கிடைக்காது. பான்பரியில் வணிக வளாகத்தின் நடுவிலேயே கால்வாய் போகிறது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான டூலி படகுப்பட்டறை அந்த வளாகத்துக்குள்ளேயே இன்னும் இருக்கிறது. காய்கறி வாங்குங்கள், தண்ணீர் நிரப்புங்கள். ரயில் நிலையம் பக்கம்தான். அரை வாரம் மட்டும் வர முடிந்த நண்பர்கள் இங்கே ஏறலாம், இறங்கலாம். படகைத் திருப்பும் இடத்தை வரைபடத்தில் முன்பே குறித்துவையுங்கள். அது உங்கள் படகின் நீளத்துக்குப் போதுமா என்பதும் முக்கியம்.

ஏதாவது நேர்ந்தால்

தரைதட்டினால் முன்னோக்கி முறுக்காதீர்கள், இன்னும் புதையும். மெல்ல ரிவர்ஸ் போட்டு, எல்லோரும் ஆழமான பக்கத்துக்கு நகர்ந்து நின்று, நீளக் கழியால் உந்தினால் பெரும்பாலும் கிளம்பிவிடும்.

யாராவது விழுந்தால் முதல் வேலை எஞ்சினை நியூட்ரலுக்குக் கொண்டுவருவது, சுழலிதான் எமன். கால்வாயில் பெரும்பாலும் இடுப்பளவு நீர்தான், எழுந்து நிற்கச் சொல்லுங்கள். லாக் அப்படியல்ல. குழந்தைகளும் நீந்தத் தெரியாதவர்களும் வெளித்தளத்தில் இருக்கும்போதெல்லாம் மிதவைச் சட்டை அணிந்திருக்க வேண்டும். கால்வாய் நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கயிறு பிடித்த கையோடு சாப்பிடாதீர்கள், வெட்டுக்காயத்தை மூடிவையுங்கள், பிறகு காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் கால்வாயில் இருந்ததைச் சொல்லுங்கள்.

அவசர எண் 999. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள், வயல்வெளிக்கு முகவரி கிடையாது. பாலங்களில் எண் பொறித்த பலகை இருக்கும். கால்வாயின் பெயரையும் கடந்த பாலத்தின் எண்ணையும் சொன்னால் போதும். ஒவ்வொரு பாலத்தையும் கடக்கும்போது சுக்கான் பிடிப்பவர் எண்ணை உரக்கச் சொல்லும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பித் தரும் நாள்

காலை ஒன்பது மணியளவில் படகைக் கேட்பார்கள். ஆகவே கடைசி இரவைப் படகுத்துறையிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள், இடையில் லாக் இல்லாத இடத்தில் கழியுங்கள். குப்பையை இரவே கட்டிவிடுங்கள், பாத்திரம் கழுவிவிடுங்கள். நீரில் விழுந்த விண்ட்லாஸுக்குப் பணம் பிடிப்பார்கள். அதைப் பொதுச்செலவில் எழுதுவதா, விழவிட்டவர் கணக்கில் எழுதுவதா என்று கடைசி இரவுச் சாப்பாட்டின்போதே பேசி முடித்துவிடுங்கள்.